வார்டன் அறையில் இருந்தார்

முப்பத்தெட்டாம் எண் படிவம் இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஆறாவது கேள்விக்கு நேரே, 4 என்ற கட்டத்தில் முதலில் ஒரு டிக் போட்டிருந்தாள். பிறகு அதை ரப்பரால் அழித்திருக்கிறாள். அழுத்தித் தேய்த்ததில் அந்த இடத்தில் மட்டும் தாள் மெலிந்து, நார் கிளம்பி நின்றது. 1 என்ற கட்டத்தில் புதிதாக ஒரு டிக். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் ஒரு வரி: "இத வார்டன் மேம்கிட்ட காட்ட மாட்டீங்கல்ல அக்கா?"

அது 2016. எம்.எஸ்ஸி. உளவியல் இறுதியாண்டு புராஜெக்ட். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவிகளுக்கும் வீட்டிலிருந்து வந்து போகும் மாணவிகளுக்கும் மன அழுத்தத்தில் வித்தியாசம் உண்டா என்பது என் கேள்வி. உளவியல் துறை இருக்கிற எந்தக் கல்லூரியின் நூலகத்துக்குப் போனாலும் இதே தலைப்பில் நாலைந்து பைண்டு செய்த புத்தகமாவது அலமாரியில் இருக்கும். எனக்கு அது புதிய கேள்வியா பழைய கேள்வியா என்ற கவலையே இல்லை. நானே மூன்று வருடம் விடுதியில் இருந்தவள். அந்த இரவுகளின் கனம் எனக்குத் தெரியும். அதை எண்ணாக மாற்றி, அறிக்கையாக எழுதி, யாராவது படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இப்போது நானே மாணவர்களுக்குக் கைடாக இருக்கிறேன். ஒவ்வொரு பிப்ரவரியிலும் என் மேஜையில் அறிக்கைகள் குவியும். அப்போதெல்லாம் அந்தப் படிவம்தான் நினைவுக்கு வரும். எப்படி எழுத வேண்டும் என்று நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் பெரும்பகுதி அந்த ஒரு தாளில் கற்றுக்கொண்டது.

நான் பயன்படுத்தியது மன அழுத்தத்தை அளக்கும், பத்துக் கேள்வி கொண்ட அளவுகோல். 1983-ல் ஷெல்டன் கோஹனும் அவருடன் வேலை செய்தவர்களும் பதினான்கு கேள்விகளோடு உருவாக்கியது, பின்னாளில் பத்தாகச் சுருங்கியது. கடந்த ஒரு மாதத்தில் இப்படி எத்தனை முறை உணர்ந்தீர்கள் என்று கேட்கும். 'ஒருபோதும் இல்லை' என்றால் 0, 'மிக அடிக்கடி' என்றால் 4. உலகம் முழுக்கப் புழங்கும் அளவுகோல். ஆனால் என் விடுதிப் பெண்களில் பாதிப்பேர் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். ஆங்கிலப் படிவத்தைக் கையில் கொடுத்தால், புரியாத கேள்விக்கெல்லாம் நடுக்கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் நானே உட்கார்ந்து மொழிபெயர்த்தேன்.

ஒரே இரவில் முடித்தேன். அது பெரிய தப்பு. மொழிபெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல்லி, இரண்டு ஆங்கிலத்தையும் ஒப்பிட வேண்டும் என்று ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-லேயே எழுதி வைத்திருக்கிறார். கைடு மேடம் வற்புறுத்தியதால், ஆங்கில இலக்கியம் படித்த தோழியிடம் என் தமிழைக் கொடுத்தேன். அவள் மூன்றாவது கேள்வியில் நின்றாள். "இது என்ன, சித்த வைத்தியர் விளம்பரமா?" என்றாள். 'நெர்வஸ்' என்ற சொல்லுக்கு நான் 'நரம்புத் தளர்ச்சி' என்று எழுதியிருந்தேன். பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் அந்தச் சொல் எதற்குப் பயன்படுகிறது என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி அந்தக் கேள்வியைப் படித்திருந்தால் 0 போட்டுவிட்டு, படிவத்தையே மூடியிருப்பாள். 'படபடப்பு' என்று மாற்றினேன். எட்டாவது கேள்வி இன்னும் மோசம். எல்லாம் என் கைக்குள் இருக்கிறது என்ற பொருளில் வரும் ஆங்கிலத் தொடரை, ஏதோ பொருட்களின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பது போல எழுதியிருந்தேன். தமிழில் அதற்கு ஒரே சொல் கிடையாது. "எல்லாத்தையும் சமாளிச்சுட்டு இருக்கேன்" என்று நாம் பேச்சில் சொல்வதுதான் பொருத்தமாக வந்தது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், என் முதல் வரைவில் இந்த இரண்டு வாரத்துப் பாடும் "அளவுகோல் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது" என்ற ஒற்றை வரியாகச் சுருங்கியிருந்தது. யார் மொழிபெயர்த்தார், திரும்ப மொழிபெயர்த்தது யார், எந்தச் சொல் எதனால் மாறியது, எதுவும் இல்லை. எனக்குப் பிறகு இதே அளவுகோலை எடுக்கும் பெண்ணும் 'நரம்புத் தளர்ச்சி'யில் போய்த்தான் விழுந்திருப்பாள்.

டேட்டா கலெக்ஷனுக்குப் போன நாளைச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து வருபவர்களிடம் வகுப்பறையிலும் மரத்தடியிலும் கொடுத்து வாங்கினேன், சிரமம் ஒன்றுமில்லை. விடுதிக்கு முன்அனுமதி வேண்டும். வார்டன் நல்லவர், கண்டிப்பானவர். மாலை ஆறரைக்கு ஸ்டடி ஹவர் தொடங்கும், அப்போது வந்தால் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்றார். எனக்கு அது வசதியாகப்பட்டது. அறுபது பேர், நீள பெஞ்சுகள், மேலே சுற்றும் மின்விசிறி. நான் படிவத்தைக் கொடுத்து, ஒப்புதல் தாளில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். வார்டன் முன்வரிசை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டு முறை எழுந்து, "பக்கத்துல பாக்காம எழுதுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே பெஞ்சுகளுக்கு இடையே நடந்தார். பரீட்சை மேற்பார்வை செய்து பழகியவர், உதவியாகத்தான் செய்தார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த நேரத்தில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. இருபது நிமிடத்தில் அறுபது படிவம் கிடைத்த சந்தோஷத்தில் பஸ் ஏறினேன்.

அறைக்கு வந்து ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றும்போதுதான் அழித்த இடங்கள் கண்ணில்பட்டன. முப்பத்தெட்டு மட்டும் இல்லை. நாற்பத்தொன்று, நாற்பத்தாறு, ஐம்பது. ஏதோ ஒரு பெஞ்சு வரிசை முழுக்க. ஓரத்தில் எழுதியவள் ஒருத்திதான். ஆனால் அழித்தவர்கள் பலர். எல்லாமே பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்கு வந்திருந்தன. என் கணினிக் கட்டத்தில் நான் 1 என்றுதான் தட்ட முடியும். அந்த 1-க்கு அடியில் ஒரு 4 இருந்தது என்பது கட்டத்துக்குத் தெரியாது.

இன்னொன்றையும் அப்போதுதான் பார்த்தேன். பெயர் எழுதிய ஒப்புதல் தாளை, பெயர் இல்லாத படிவத்தோடு சேர்த்து நானே ஸ்டேப்ளர் அடித்து வைத்திருந்தேன். "பெயர் குறிப்பிட வேண்டியதில்லை" என்று படிவத்தின் தலையில் கொட்டை எழுத்து. அதன் முதுகிலேயே பெயர். அந்தப் பெண் பயந்ததில் என்ன குற்றம்?

கைடு மேடத்திடம் கொண்டு போனேன். அவர் முதலில் படிவத்தைப் படிக்கவில்லை. "பின்னை எடும்மா முதல்ல" என்றார். அறுபது பின்னையும் அவர் அறையில் உட்கார்ந்து நகத்தால் எடுத்தேன். ஒப்புதல் தாள்களைத் தனி உறையில் போட்டு ஒட்டி, அவரே பீரோவில் வைத்துப் பூட்டினார். அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

கணக்குப் போடும் கட்டம் வந்தது. பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் க்ரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் உண்டு, 1951-ல் லீ க்ரோன்பாக் விளக்கியது. 0.7 இருந்தால் பரவாயில்லை என்பார்கள். எனக்கு 0.4-ஐக்கூடத் தொடவில்லை. மொழிபெயர்ப்பே பாழ் என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. காரணம் எளிது. அந்தப் பத்தில் 4, 5, 7, 8 ஆகிய நான்கு கேள்விகள் நல்லதைக் கேட்பவை. நினைத்தபடி காரியங்கள் நடந்தனவா என்பது போல. அவற்றில் 4 போட்டால் அழுத்தம் குறைவு என்று அர்த்தம், அதனால் எண்ணைத் திருப்பிப் போட வேண்டும். நான் திருப்பவில்லை. திருப்பியதும் எண் சரியாக உட்கார்ந்தது. இன்று என் மாணவிகள் யாராவது ஆல்ஃபா குறைவு என்று அழுதுகொண்டு வந்தால், "எந்தெந்தக் கேள்வியைத் திருப்பின?" என்பதுதான் என் முதல் கேள்வி. பத்தில் பாதித் தடவை விஷயம் அங்கேயே முடிந்துவிடும். திருப்பினோம், இன்ன கேள்விகளைத் திருப்பினோம் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதச் சொல்வேன். எழுதும்போதுதான் திருப்பாதது தெரியவரும்.

முடிவு வந்தது. விடுதிப் பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. சராசரியில் ஒரு புள்ளிகூட விலகல் கிடையாது. உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படியொரு விலகல் தற்செயலாக வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண் ஒன்று உண்டு, அது 0.05-க்குக் கீழே இறங்கினால்தான் கணக்கில் சேரும். என் எண் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே வரவில்லை.

அந்த 0.05 ஒன்றும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. ரொனால்டு ஃபிஷர் 1925-ல் எழுதிய புள்ளியியல் நூலில், வசதியான எல்லை என்று சொல்லி வைத்துக்கொண்டது. ஆனால் ஒரு எம்.எஸ்ஸி. மாணவிக்கு அந்தக் கோடு வாசல்படி மாதிரி. கோட்டைத் தாண்டினால் கண்டுபிடிப்பு. தாண்டாவிட்டால் ஒரு வருட உழைப்பு வீண் என்றுதான் தோன்றும். என் வகுப்பில் எல்லோருக்கும் 'சிக்னிஃபிகன்ட்', அதாவது கோட்டைத் தாண்டிய முடிவு, வந்திருந்தது, அல்லது வந்ததாகச் சொன்னார்கள்.

நான் தேட ஆரம்பித்தேன். படிவத்தின் முதல் பக்கத்தில் வயது, துறை, ஆண்டு, தமிழ் வழியா ஆங்கில வழியா, கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா, அப்பா வேலை, எத்தனையாவது பிள்ளை என்றெல்லாம் வழக்கம்போலக் கேட்டு வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்துப் பரிசோதித்தேன். இரவு பதினொன்றரைக்கு ஒன்று மாட்டியது. தலைப்பிள்ளைகளுக்கு அழுத்தம் அதிகம், 0.03. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். பிறப்பு வரிசையைப் பற்றி உளவியலாளர் ஆல்ஃபிரெட் ஆட்லர் எழுதியது ஞாபகத்தில் இருந்தது. மூத்த பிள்ளையின் சுமை என்று அன்று இரவே முன்னுரையை மாற்றி எழுதினேன். நம் ஊர்க் குடும்பங்களில் மூத்த பெண் தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்ப்பது, அவள் கல்யாணம் முடியும்வரை மற்றவர்கள் காத்திருப்பது, எல்லாம் அழகாகக் கோத்துக்கொண்டு வந்தது. நான் எழுதியதிலேயே நன்றாக எழுதிய பக்கங்கள் அவை. உண்மையாகவே சொல்கிறேன், இன்றும் அந்த நடை எனக்குப் பிடிக்கும்.

மேடம் நான்கு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இந்தக் கேள்வியோடதான் ஹாஸ்டலுக்குப் போனியா?" என்றார்.

"இல்ல மேடம்."

"எத்தனை டெஸ்ட் போட்டுப் பாத்த?"

எண்ணியிருக்கவில்லை. இருபது இருக்கும் என்றேன். ஒரு தாளை எடுத்து 0.95-ஐ இருபது முறை பெருக்கச் சொன்னார். 0.36 சொச்சம் வந்தது. ஒன்றிலிருந்து கழித்தால் 0.64. எந்த வித்தியாசமுமே இல்லாத வெறும் எண்களை வைத்துக்கொண்டு இருபது தனித்தனிச் சோதனை போட்டாலும், குறைந்தது ஒன்றாவது கோட்டைத் தாண்டிவிடுவதற்கு நூற்றுக்கு அறுபத்து நாலு வாய்ப்பு. "நீ தேடுனதுல ஒண்ணு கெடைக்காம இருந்திருந்தாத்தான் ஆச்சரியம்" என்றார். திட்டவில்லை. எனக்கு அழுகை வந்தது, அவமானத்தால் அல்ல. அந்த நான்கு பக்கத்தை விட மனசில்லை.

இந்த ஆசை எனக்கு மட்டும் வந்ததில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேரில் பெம், உளவியல் ஆய்வுக் கட்டுரையை எப்படி எழுதுவது என்று 1987-ல் ஓர் அத்தியாயம் எழுதினார். இளம் ஆய்வாளர்கள் கையில் அது நெடுங்காலம் புழங்கியது. நடை பற்றி, தெளிவு பற்றி அதில் அருமையான விஷயங்கள் உண்டு. ஆனால் அதிலேயே ஓர் அறிவுரையும் உண்டு. ஆய்வைத் தொடங்கும்போது எழுத நினைத்த கட்டுரை ஒன்று, முடிவுகளைப் பார்த்த பிறகு பொருத்தமாகத் தோன்றும் கட்டுரை ஒன்று, இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம், எழுத வேண்டியது இரண்டாவதைத்தான் என்பது அதன் சாரம். அதே பெம் 2011-ல், பின்னால் நடக்கப்போவதை மனிதர்கள் முன்கூட்டியே உணர்கிறார்கள் என்று ஒன்பது பரிசோதனைகளோடு, துறையின் முதன்மை இதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டார். ஒன்பதில் எட்டு கோட்டைத் தாண்டியிருந்தன. கட்டுரை எழுதும் விதிகளில் எதையும் அது மீறவில்லை என்பதுதான் துறையையே உலுக்கியது. இந்த விதிகளை வைத்துக்கொண்டு ஜோசியத்தையும் நிறுவ முடியும் என்றால் விதிகளில்தான் கோளாறு என்று பலர் பேசத் தொடங்கினார்கள். 2015-ல் பெரிய குழு ஒன்று, உளவியல் இதழ்களில் வந்த நூறு ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த முடிவு வந்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் 'சிக்னிஃபிகன்ட்'. திரும்பச் செய்ததில் 36 சதவீதம்தான்.

நான் புராஜெக்ட் செய்ததற்கு முந்தைய வருடம் வந்த முடிவு இது. எங்கள் பாடத்திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. முடிவு தெரிந்த பிறகு கருதுகோளைச் செய்துகொள்வதற்கு நார்பர்ட் கெர் 1998-லேயே தனிப் பெயர் வைத்திருந்தார். வித்தியாசம் வராத ஆய்வுகள் மேஜை இழுப்பறைக்குள்ளேயே செத்துப்போவதைப் பற்றி ராபர்ட் ரோசன்தால் 1979-ல் எழுதிவிட்டார். இழுப்பறை என்று படித்தபோது என் மனதில் வந்தது கைடு மேடத்தின் பீரோதான்.

ஆட்லர் பக்கங்களை எடுத்தேன். பழைய கேள்விக்கே திரும்பினேன். பிறப்பு வரிசை விஷயத்தை முற்றாக மறைக்க வேண்டாம் என்றார் மேடம். முன்திட்டமில்லாமல் இருபதுக்கு மேல் ஒப்பீடுகள் செய்து பார்த்ததில் ஒன்று இப்படி வந்தது, இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, வேண்டுமானால் வேறொருவர் இதையே கேள்வியாக எடுத்துச் செய்து பார்க்கலாம் என்று முடிவுகளின் கடைசியில் நாலு வரி எழுதச் சொன்னார்.

இப்போது அந்த வார்டன் விஷயம்.

குறைபாடுகள் என்று ஒரு பகுதி எல்லா அறிக்கையிலும் இருக்கும். "மாதிரியின் அளவு சிறியது, ஒரே கல்லூரியில் எடுக்கப்பட்டது, எனவே முடிவுகளைப் பொதுமைப்படுத்த இயலாது." சீனியர் புத்தகத்திலிருந்து ஜூனியர் புத்தகத்துக்கு எழுத்து மாறாமல் இறங்கி வரும் வாக்கியம் இது. பொய் கிடையாது, உண்மைதான். ஆனால் யாருடைய ஆய்வுக்கும் பொருந்துகிற உண்மை, படிப்பவருக்கு எந்தத் தகவலையும் தராது. நானும் அதையே எழுதியிருந்தேன். மேடம் அந்தப் பத்தியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "இது அவங்க ஸ்டடி. உன் ஸ்டடியில என்ன நடந்துச்சு?" என்று கேட்டார்.

எழுதத் தயக்கமாக இருந்தது. வார்டன் நமக்கு உதவியவர். அவர்மேல் பழி போடுவது போலாகாதா? வெளியிலிருந்து தேர்வாளராக வரும் எக்ஸ்டர்னல் படித்தால், இப்படிச் செய்தாயா என்று கேட்டு மார்க்கைக் குறைக்க மாட்டாரா? என் தப்பை நானே கையெழுத்திட்டுக் கொடுப்பதா? ஒரு வாரம் அந்த ஒரு வாக்கியத்தோடு மல்லாடினேன். "சூழல் காரணிகள் பதில்களைப் பாதித்திருக்கக்கூடும்" என்று எழுதினேன். மேடம் அடித்தார். "நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவரின் இருப்பு" என்று எழுதினேன். அதையும் அடித்தார். கடைசியில், செய்முறை என்ற பகுதியில், குறைபாடுகளுக்குக்கூடக் காத்திராமல், நடந்த இடத்திலேயே இப்படி எழுதினேன்:

'விடுதி மாணவிகள் மாலைப் படிப்பு நேரத்தில், பொது அறையில், அறுபது பேரும் ஒன்றாக அமர்ந்து படிவத்தை நிரப்பினார்கள். அப்போது வார்டன் அறையில் இருந்தார். பெயருள்ள ஒப்புதல் தாள் படிவத்துடன் இணைக்கப்பட்டிருந்தது. பல படிவங்களில் பதில்கள் அழித்துத் திருத்தப்பட்டிருந்தன. பார்த்தவரை எல்லாத் திருத்தங்களும் குறைந்த எண்ணை நோக்கியே இருந்தன. வீட்டிலிருந்து வரும் மாணவிகளுக்கு இந்தச் சூழல் இருக்கவில்லை.'

எழுதி முடித்துப் படித்தபோதுதான், என் ஆய்வில் என்ன கிடைத்தது என்று எனக்கே விளங்கியது. வித்தியாசம் இல்லை என்பது முடிவு அல்ல. வித்தியாசம் இருந்தாலும் தெரிந்திருக்காத விதத்தில் நான் கேட்டிருக்கிறேன் என்பதுதான் தெரிந்தது. அந்த ஆறு வரியும் இல்லாமல் அட்டவணை மட்டும் போயிருந்தால், விடுதிப் பெண்களுக்கு ஒன்றும் கூடுதல் அழுத்தம் இல்லை என்று ஆய்வு சொல்கிறது என்று யாராவது ஒரு கூட்டத்தில் என் பைண்டிங்கைத் தூக்கிக் காட்டியிருக்கலாம். முப்பத்தெட்டாம் எண் பெண் அழித்த 4-ஐ நான் இரண்டாம் முறை அழித்ததாக ஆகியிருக்கும்.

அவள் ஓரத்தில் எழுதியதை அறிக்கையில் சேர்க்கவில்லை. அது எனக்கு எழுதியது. காட்ட மாட்டீர்கள்தானே என்று கேட்ட வரியை எப்படி அச்சில் போடுவது? இங்கே எழுதுவதற்குக்கூட இத்தனை வருடம் ஆனது. அந்த விடுதி எது என்பதற்கு இங்கே ஒரு குறிப்பும் வைக்கவில்லை.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எக்ஸ்டர்னல் அந்தப் பத்தியில்தான் நின்றார். மார்க்கைக் குறைத்தாரா கூட்டினாரா என்று தெரியாது, நடுவாகத்தான் வந்தது. "அடுத்த தடவை போனா எப்படிப் பண்ணுவீங்க?" என்று மட்டும் கேட்டார். மூடிய பெட்டி ஒன்றை மாடிப்படி அருகே வைத்து, இரண்டு நாள் விட்டு எடுப்பேன், ஒப்புதலைத் தனியாக வாங்குவேன் என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் திருப்பினார்.

என் மாணவிகளின் அறிக்கைகளில் நான் திருத்துவது பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான். ஆய்வுக்கு முன்பே எழுதிக் கொடுக்கும் சினாப்சிஸிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டுவதால் "தரவு சேகரிக்கப்படும்" என்று எதிர்காலத்திலேயே நின்றுவிடும் வாக்கியங்கள். செய்து முடித்தாயிற்று, இனிமேல் என்ன 'படும்'? கணினி மென்பொருள் .000 என்று காட்டுவதைப் பார்த்து, வாய்ப்பு பூஜ்ஜியம் என்று எழுதிவிடுவார்கள். பூஜ்ஜியமாக இருக்க முடியாது, மூன்று இலக்கத்துக்கு மேல் அது காட்டவில்லை, 0.001-க்கும் குறைவு என்றுதான் எழுத வேண்டும். "கருதுகோள் நிரூபிக்கப்பட்டது" என்ற வாக்கியத்தைப் பார்த்தால் மட்டும் கை நிற்காது. நீதிமன்றத்தில்கூட அவ்வளவு சுலபமாக நிரூபணம் ஆகாது. நம் தரவு அந்தக் கருதுகோளோடு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். அபெண்டிக்ஸ், பக்க எண், மார்ஜின் இதெல்லாம் ஜெராக்ஸ் கடை அண்ணனே என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வார்.

எழுதும் வரிசையை மட்டும் மாற்றச் சொல்வேன். எல்லோரும் முன்னுரையில் தொடங்கி, ரிவியூ ஆஃப் லிட்டரேச்சரில் மூழ்கி, செய்முறைக்கு வரும்போது மூச்சு வாங்கி ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள். நான் செய்முறையை முதலில் எழுதச் சொல்கிறேன், அதுவும் படிவம் வாங்கிய அன்றைய இரவே. அந்த அறையின் வெளிச்சம், சத்தம், யார் இருந்தார் எல்லாம் மறப்பதற்குள்.

அதற்கு நான் வகுப்பில் வைத்துக் காட்டும் உதாரணம் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப். பி.எஸ்ஸி. இரண்டாம் வருட லேபில் எல்லோரும் செய்யும் பரிசோதனை அவருடையது. 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் அச்சடித்துக் காட்டி, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் நாக்கு தடுமாறும். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரில் படித்தபோது செய்து, 1935-ல் வெளியிட்டார். வெறும் நிறக்கட்டங்கள் நூறுக்குப் பெயர் சொல்ல சராசரியாக 63.3 நொடி, வேறு நிறத்தின் பெயர் எழுதிய நூறு சொற்களின் மை நிறத்தைச் சொல்ல 110.3 நொடி. இது எல்லாருக்கும் தெரிந்தது. அதற்கு முந்தைய பரிசோதனையை யாரும் பேசுவதில்லை. நிறம் மாறி அச்சடித்த சொற்களை நிறத்தைக் கவனிக்காமல் படிக்க மட்டும் சொன்னபோது, எழுபது பேரில் சராசரியாக 2.3 நொடிதான் கூடியது. இதை நம்பகமான வித்தியாசமாகக் கொள்ள முடியாது என்று அவரே எழுதினார். மறைக்கவில்லை. அதையும் சேர்த்துப் படித்தால்தான் இரண்டாவதன் அர்த்தமே முழுசாகிறது.

அவர் செய்முறை எழுதியிருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். பகல் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து மட்டும் விழும்படி உட்கார வைத்தார். முதலில் பத்துச் சொல்லில் பழக்கினார். தாளைக் கவிழ்த்துப் பிடிக்கச் சொல்லி, ரெடி, கோ என்றதும் திருப்பிப் படிக்க வைத்தார். ஸ்டாப் வாட்சில் நொடியில் ஐந்தில் ஒரு பங்குவரை குறித்தார். தொண்ணூறு வருடம் கழித்து, கோயம்புத்தூரில் ஒரு மர மேஜையில், அதே வெளிச்சத்தில் நாமும் அதையே செய்து பார்க்கலாம்.

போன மாதம் இரண்டாம் வருட மாணவி ஒருத்தி ரெக்கார்ட் நோட் கொண்டுவந்தாள். "பங்கேற்பாளருக்கு ஸ்ட்ரூப் கார்டு கொடுக்கப்பட்டது. நேரம் குறிக்கப்பட்டது." அவ்வளவுதான் செய்முறை. அவள் தோழி, பி.காம். படிப்பவள், வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டேன். அவள் கையில் நோட்டைக் கொடுத்து, "இதுல எழுதியிருக்கறத மட்டும் செய், கூட ஒண்ணும் செய்யாத" என்றேன். எங்கள் மாணவி பங்கேற்பாளராக உட்கார்ந்தாள்.

பி.காம். பெண் கார்டைக் கொடுத்தாள். வாட்சை அமுக்கினாள். எதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்லச் சொல்லி எழுதியிருக்கவில்லை. எங்கள் பெண் தெரிந்ததால் நிறங்களைச் சொல்லத் தொடங்கினாள். நிறுத்தினேன். "உனக்குத் தெரியும். உன் நோட்டுக்குத் தெரியலையே" என்றேன்.

உட்கார்ந்து திருத்தினாள். சொல்லைப் படிக்கக் கூடாது, மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். இடமிருந்து வலம், வரி வரியாக. கார்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். மறுபடி செய்தார்கள். இந்த முறை நான்காவது வரியில் எங்கள் பெண், "ப... பச்... இல்ல, பழுப்பு" என்று தடுமாறினாள். தமிழில் இந்தச் சிக்கல் ஒன்று உண்டு. பச்சையும் பழுப்பும் ஒரே எழுத்தில் தொடங்குவதால், எங்கே தவறு தொடங்கியது என்று காது சட்டென்று பிரித்துச் சொல்லாது. பி.காம். பெண் வாட்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மேடம், தப்பாச் சொன்னா திருத்திச் சொல்லோணுமா, இல்ல அப்படியே போயிடட்டுமா? இதுல எழுதலீங்களே."

நான் பதில் சொல்லவில்லை. இழுப்பறையிலிருந்து 1935-ஆம் வருடக் கட்டுரையின் பிரதியை எடுத்து, செய்முறைப் பக்கத்தைத் திருப்பி, எங்கள் மாணவி முன் வைத்தேன். விரலை வைத்துத் தேடிக்கொண்டே வந்தாள். முடிந்தவரை வேகமாகப் படிக்க வேண்டும், எல்லாத் தவறுகளையும் திருத்த வேண்டும் என்ற இடத்தில் விரல் நின்றது.

"எழுதியிருக்கார் மேடம்" என்றாள்.

பேனாவை எடுத்து, தன் நோட்டில் அந்த வரியைச் சேர்த்தாள். பி.காம். பெண் கார்டைக் கவிழ்த்து வைத்து, ஜன்னல் இடப்பக்கம் வருகிற மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு, "ரெடியா?" என்றாள்.